ரதியா, குறவனா?

கேள்வி: கிருஷ்ணாபுரம் கோயிலில் எல்லோரும் ரதி சிலையைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கோ இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவன்தான் பிடிக்கிறது. ரசனைக் கோளாறா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: கோளாறே இல்லை. நூறு பேர் மெச்சினாலும் அழகுத் தீர்ப்பை இரவல் வாங்க முடியாது என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1790-லேயே எழுதிவிட்டார். பழகப் பழகக் கண் கூர்மையாகி, நாமாகவே தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அவர் சொன்னதே.

ஆகவே மறுபடி போங்கள். வழிகாட்டி வாய் திறக்குமுன் சிலைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். குறவனின் விலா எலும்புப் புடைப்பு சாய்வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். செல்போன் ஃப்ளாஷ் நேராக விழுந்தால் நிழல் செத்து, எல்லாம் தட்டையாகிவிடும். (பாதிப் பேர் போட்டோவைத்தான் ரசிக்கிறார்கள்!) ரதி பிடிக்காவிட்டால் நடிக்க வேண்டாம், காரணத்தை ஒரு வரி குறித்து வையுங்கள்.