ஒரு வருஷம் அவர் படுவான்கரையில, நான் கல்லடியில: பென்ஷன் காசை எப்பிடிப் பிரிக்கிறது?

கேள்வி: தங்கச்சி, எனக்கு 56 வயசு, அவருக்கு 61. கலியாணம் முடிச்சு 31 வருஷம். புள்ளைகள் ரெண்டும் கலியாணம் முடிச்சுப் போயிட்டுதுகள். எங்களுக்குள்ள சண்டை ஒண்டும் இல்ல, ஆனா அவர் ரிட்டயர் ஆகி வீட்ட இருக்கத் தொடங்கின பிறகுதான் ரெண்டு பேருக்கும் விளங்கிச்சு, நாங்க அம்மா அப்பாவா இருந்த அளவுக்கு நாங்களா ஒருநாளும் இருந்ததில்லை எண்டு. ஒரு வருஷம் தனித்தனியா இருந்து பாப்பமெண்டு பேசி முடிவெடுத்திட்டம். அவர் மட்டக்களப்பு வாவிக்கு அங்கால, படுவான்கரையில, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவர்ட அம்மாட வளவில இருந்து 3 ஏக்கர் வயல் செய்யப்போறார். நான் கல்லடியில எங்கட வீட்டிலயே. சின்னவயசில விட்ட வீணையைத் திரும்பப் பழக ஆசை. பென்ஷன் 72,000 அவர்ட பேர்ல வருது. ரெண்டு பேர்ட பேர்லயும் 25 லட்சம் எஃப்டி இருக்கு, செப்டம்பர் 20 முடியுது. தைச்சு மாசம் 12,000 மட்டில எனக்கு வரும். வயலுக்கு ஏக்கருக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் போகுமெண்டு என்ட 12 பவுணை ஈடு வைக்கக் கேக்கிறார். அக்கா சொல்றா, வேற வேறயா இருந்தா பிறகு விதவைப் பென்ஷன் கிடைக்காதாம், அண்ணன் சொல்றார் ஏதும் எழுதி வாங்கச் சொல்லி. என்ன செய்யலாம்?

பதில்: அக்கா, முதல்ல பயத்தைக் கழிப்பம், மறுகா காசுக்கு வருவம்.

பெரியக்கா சொன்னது சரியில்ல. நீங்க விவாகரத்து எடுக்கல்ல, உங்கட கலியாணம் சட்டப்படி அப்பிடியேதான் இருக்கு. பாலத்துக்கு அங்கால ஒரு ஆள் இஞ்சால ஒரு ஆள் இருக்கிறதால விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய உரிமை போகாது. அவர் வருஷா வருஷம் குடுக்கிற உயிர்வாழ் சான்றிதழ் மட்டும் பிந்தாமப் பாருங்க, வயல் வேலையில அத மறந்தா பென்ஷன் நிண்டுபோகும், அப்ப ரெண்டு வீடும் சேர்ந்து தவிக்கும்.

வீட்டுக் கதையும் அப்பிடித்தான். நம்மட பக்கத்து வழக்கப்படி அது உங்கட அம்மா உங்களுக்கு சீதனமா எழுதின வீடா இருந்து உறுதியும் உங்கட பேர்ல இருந்தா அது உங்கடதான், அவர் வெளியால போனாலும் உள்ளுக்க இருந்தாலும் ஒரு மாற்றமும் இல்ல. யாழ்ப்பாணத்துத் தேசவழமையெண்ட சொத்துச் சட்டம் இஞ்ச நமக்கு இல்ல, பொதுச்சட்டத்தில புருஷன்ட சொத்து வேற பொஞ்சாதிட சொத்து வேற. மரணசாசனம் எழுதாம ஒராள் போனா 1876ம் ஆண்டுச் சட்டப்படி பாதி மற்றவருக்கு, பாதி புள்ளைகளுக்கு. அதுவும் ஒரு வருஷம் தள்ளி இருந்ததால மாறாது. அதனால அண்ணன்ட அக்கறைக்கு நன்றி சொல்லிட்டு, இந்த வருஷம் முழுக்க எந்த உறுதியிலயும் எந்த வெள்ளைப் பேப்பர்லயும் ரெண்டு பேரும் கையெழுத்து வைக்காம இருங்க. பிரிவுண்ட ஒரு பேச்சுக் கிளம்பின உடன சொத்தை மாத்தி எழுதப் போய் நல்லா இருந்த குடும்பம் கோட்டுப்படி ஏறினத நான் கண்டிருக்கன்.

இப்ப காசு. என்ட ஒரே கருத்து இதுதான்: உங்கட கையில கேட்டு வாங்காத காசு இருக்கோணும். 31 வருஷமா "இவ்வளவு தாங்க"ண்டு கேட்டு வாழ்ந்த ஆள், தனியா இருக்கிற வருஷத்திலயும் மாசக் கடைசியில கோல் எடுத்து வீணை மிஸ்ஸுக்குக் குடுக்கக் காசு கேட்டா, நீங்க தனியா இருக்கல்ல, தூரத்தில இருக்கிறீங்க, அவ்வளவுதான். அவருக்கும் அது நல்லதில்ல, அவர் வாடியில, அந்த வயல் குடிசையில இருந்து நெல்லைப் பாப்பாரா கல்லடிக் கணக்கைப் பாப்பாரா.

72,000ல முதல் பொதுச்செலவை எடுங்க. லோன் கட்டுறது, ரெண்டு பேர்ட மருந்து, சீட்டு எல்லாம் சேத்து 32,000 எண்டு வைப்பம், உங்கட தொகையைப் பாத்து மாத்துங்க. மிச்சம் 40,000, ஆளுக்கு 20,000. உங்கட 20,000 பென்ஷன் விழுந்த அடுத்த நாளே ஸ்டாண்டிங் ஓடர்ல, அதாவது பேங்கே மாசாமாசம் தானா மாத்திவிடுற ஏற்பாட்டில, உங்கட தனி அக்கவுண்டுக்கு வரோணும், அவர் கையால தாறதா இருக்கக்கூடாது. நான் இதில இறுக்கமாச் சொல்றன், ஏனெண்டா கையால தாறதெண்டா ஒரு மாசம் பிந்தும், மறுமாசம் பசளை வாங்கோணுமெண்டு குறையும், பிறகு உங்களுக்கே கேக்க வெக்கமாயிரும். தையல் காசு முழுக்க உங்கடது, நெல்லுக் காசு முழுக்க அவர்ட, ஆனா சாப்பாட்டு நெல்லு மட்டும் வழக்கப்படி கல்லடி வீட்டுக்கு வந்து சேரோணும். கல்லடி கறண்ட் பில் உங்கட பங்கில, வளவுச் செலவு அவர்ட பங்கில.

25 லட்சத்தை நான் இப்பிடிப் பிரிப்பன். 10 லட்சம் உங்கட பேர்ல எஃப்டி, எட்டரை லட்சம் அவர்ட பேர்ல எஃப்டி, ஒன்றரை லட்சம் அவர்ட வயலுக்கு, 5 லட்சம் ரெண்டு பேரும் சேந்த சேவிங்ஸ்ல, எவரும் தனியா எடுக்கக்கூடிய மாதிரி. வட்டி 8 வீதமெண்டு வச்சா உங்கட 10 லட்சத்துக்கு மாசம் 6,600 மட்டில வரும், 20,000த்தோட சேத்தா 26,600, அதுக்கு மேல தையல் காசு. தாராளமில்ல, ஆனா ஓடும்.

ஒரு விசயம் கனபேர் விடுறது. 2025 ஏப்ரல் 1ல இருந்து வட்டியில 10 வீதம் வரியாக் கழிக்கிறாங்க, ஆனா வருஷ வருமானம் 18 லட்சத்துக்குள்ள உள்ளவங்க சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் குடுத்தாக் கழிக்க மாட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அது பொருந்தும், உங்கட பங்கில மட்டும் வருஷம் 8,000 மிஞ்சும். கவுண்டர்ல இருக்கிறவங்க தானாச் சொல்லுவாங்களெண்டு நிக்காம நீங்களே கேளுங்க. ஒரு நிறுவனம் விழுந்தா வைப்புக் காப்புறுதியில ஒராளுக்கு 11 லட்சம் வரைதான் கிடைக்கும், உங்கட 10 லட்சம் அதுக்குள்ள நிக்கிறதும் ஒரு நிம்மதி.

நகை. வேணாம் அக்கா. வயல் செய்யிறது தப்பில்ல, அவர்ட ஆசை எனக்கு நல்லா விளங்குது, ஆனா படுவான்கரையில ஆனை இறங்கினா ஒரு ராவில போயிரும், கார்த்திகை மார்கழி வெள்ளம் நிண்டா வேர் அழுகும், எல்லாத்தையும் தாண்டி மாசியில வெட்டினா எல்லார்ட நெல்லும் ஒண்டாச் சந்தைக்கு வந்து விலை இறங்கும். ஈடு வட்டி அதுக்கெல்லாம் நிக்காது, தவணை தப்பினா நகை ஏலத்தில. அவர் 3 ஏக்கரையும் முதல் போகத்திலயே செய்யத் தேவையில்ல. 1 ஏக்கரை அவரே செய்யட்டும், மிச்ச 2 ஏக்கரைத் தெரிஞ்ச ஆளுக்குக் குத்தகைக்குக் குடுக்கட்டும். கமநல சேவை நிலையத்தில காணியைப் பதிஞ்சு பசளை மானியம், பயிர்க் காப்புறுதி ரெண்டையும் விதைக்க முந்தியே கேட்டு வைக்கோணும். மாசி வெட்டு முடிய கையில மிஞ்சினதைப் பாத்து சிறுபோகத்துக்கு 2 ஏக்கரா 3 ஏக்கரா எண்டு அவரே முடிவெடுப்பார்.

நீங்க கேக்காத ஒண்டையும் சொல்லோணும். அவர் வளவுக்குப் போனா வாடி திருத்த, கட்டில், சட்டி பானை, காஸ் சிலிண்டர் எண்டு ஒரு செலவு வரும், அதை எல்லாரும் "தேவை"யெண்டுவாங்க. உங்கட வீணையை "ஆசை"யெண்டுவாங்க. அப்பிடிக் கணக்கெழுத விடாதீங்க. அந்த 5 லட்சத்தில அவர்ட வாடிக்கு 75,000, உங்கட வீணைக்கு 75,000, ரெண்டும் ஒரே வரியில எழுதப்படோணும். மிச்சம் மூன்றரை லட்சம் ஆஸ்பத்திரி, அவசரம், அவ்வளவுக்குத்தான். ஒராள் அதில 20,000க்கு மேல எடுக்கிறதெண்டா மற்றவருக்கு ஒரு கோல்.

அவர் மண்முனைப் பாலத்தால ஞாயிற்றுக்கிழமைகள்ள வந்து போறதெண்டா வரட்டும், ஆனா அந்த நாள்ல காசுக் கணக்கு எடுக்காதீங்க. கணக்குப் பாக்க சித்திரை வருஷத்துக்குப் பிறகு ஒரு நாள் போதும், காசு பிரிச்சது ஓடுதா, ஆருக்குக் காணாம இருக்கு எண்டு மட்டும் பாத்து தொகையை மாத்துங்க.

செப்டம்பர் 20க்கு முந்தி ரெண்டு பேரும் ஐடி காட்டோட பேங்குக்குப் போங்க. சேந்த எஃப்டியைப் பிரிக்க ரெண்டு கையெழுத்தும் கேப்பாங்க, சொல்லாம விட்டா பழைய மாதிரியே தன்பாட்டில இன்னொரு தவணைக்குப் புதுப்பிச்சுப் போடுவாங்க, நடுவில உடைச்சா வட்டி குறையும். அண்டைக்கே உங்கட தனி அக்கவுண்டையும் திறந்து, நொமினி பேர் குடுத்து, ஸ்டாண்டிங் ஓடர்ல அவர்ட கையெழுத்தையும் வாங்கிட்டு வாங்க.