தலைக்குந்தா உறைபனியைப் பார்த்தவனுக்கு கடல்பனி அருங்காட்சியகம் எதற்கு?

ஊட்டிக்காரரான நீங்கள் பிப்ரவரியில் ஜப்பானின் ஹொக்கைடோ போகிறீர்கள். மோன்பெட்சுவில் கடல்பனிக்கென்றே இருக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக ஒதுக்குங்கள். ஊட்டி அருகே தலைக்குந்தாவில் ஜனவரி விடியலில் புல்மேல் வெள்ளையாகக் கிடப்பது, காற்றின் ஈரம் படிந்து உறைந்தது. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். மோன்பெட்சுவில் உறைவது கடலே! உப்பு இருப்பதால் பூஜ்ஜியம் போதாது, சுமார் மைனஸ் 1.8 டிகிரி வேண்டும். உறையும்போது உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும்.

சுமார் 44 டிகிரி வட அட்சரேகையிலேயே கடல் எப்படி உறைகிறது? ரஷ்யா-சீனா எல்லையில் ஓடிவரும் அமூர் ஆறு கொட்டும் நன்னீரால், மோன்பெட்சுவை ஒட்டிய ஓகோட்ஸ்க் கடலின் மேலடுக்கு உப்புக் குறைந்து இலேசாகிறது. குளிர்ந்த நீர் அடியாழம் வரை இறங்குவதில்லை. அதனால் அந்த மேலடுக்கு மட்டும் சீக்கிரம் குளிர்ந்து உறைகிறது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, உள்ளே என்ன? மைனஸ் 20 டிகிரி அறையில் நிஜக் கடல்பனியைத் தொடலாம். ஊட்டி ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். அப்புறம், ஈரக்கையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.