பூட்ட மறந்ததும் பூட்டியதை மறந்ததும்

அன்புள்ள ஐயா,

சங்கரன்கோவிலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். 'ஃபர்கெட்' என்ற வினைக்குப் பின் 'டு லாக்' வருவதற்கும் 'லாக்கிங்' வருவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு விளக்க முடியவில்லை. தமிழில் இத்தகைய நுட்பம் இல்லாததே காரணம் என்று நினைக்கிறேன். 'ஹேவ்' என்பதோடு 'ஃபர்காட்' வருமா, 'ஃபர்காட்டன்' வருமா? இச்சொல்லுக்குள் 'கெட்' எப்படி வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். 'ஹேவ்' என்பதோடு 'ஃபர்காட்டன்' என்றே எழுதச் சொல்லுங்கள். 'கெட்' என்பது கைப்பற்றுதலைக் குறித்த பழைய ஜெர்மானிய வேர். முன்னொட்டு சேர்ந்ததும் அது கைநழுவவிடுதல் ஆயிற்று. அகராதியைப் புரட்டினால் கிடைக்கும் செய்தி இது.

தமிழில் இந்த நுட்பம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்தோ வந்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்து மொழி கற்பிக்கும் நீங்கள், உங்கள் வாயில் நாள்தோறும் புழங்கும் இரண்டு தொடர்களை ஒரு முறையேனும் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டாமா? 'பூட்ட மறந்தேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. 'பூட்டியதை மறந்தேன்' என்றால் கதவு பூட்டித்தான் இருக்கிறது, நினைவுதான் இல்லை. 'டு லாக்' முன்னது, 'லாக்கிங்' பின்னது. சொல்லப்போனால் ஆங்கிலத்தில்தான் இந்தப் பின்னது முடங்கிக் கிடக்கிறது. 'நெவர்' போன்ற எதிர்மறையோடு இயல்பாக வரும் 'ஃபர்கெட் லாக்கிங்', உடன்பாட்டில் அரிது, அங்கே 'ஃபர்காட் தட் ஐ ஹேட் லாக்ட்' என்று சுற்றித்தான் சொல்கிறார்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள், பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத என் ஆச்சி. கல்லிடைக்குறிச்சி வீட்டின் வாசல் கதவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு உண்டு. அதன் சாவி எந்நேரமும் அவள் முந்தானை முடிச்சில் இருக்கும். கடைசி இரண்டு ஆண்டுகளில், இரவு படுத்த பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். படுத்துச் சற்று நேரம் ஆனதும் மறுபடியும் எழுவாள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், "பூட்ட மறந்துட்டியா ஆச்சி?" என்று கத்திவிட்டேன். இருட்டில் நின்றபடியே அவள் சொன்னாள்: "ஏல, பூட்ட மறக்கல. பூட்டுனதுதான் எனக்கு மறந்துபோச்சு."

அவள் சொன்ன 'எனக்கு' என்ற சொல்லைத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். ஆங்கிலத்தில் 'ஃபர்கெட்' என்று சொன்னால், எது மறந்தாலும் 'ஐ' என்பதே எழுவாய். மறந்த குற்றம் பேசுகிறவர் தலையில் விழுகிறது. நமக்கோ இரண்டு வழிகள் உண்டு. 'நான் மறந்துவிட்டேன்' என்னும்போது பொறுப்பை ஏற்கிறோம். 'எனக்கு மறந்துபோயிற்று' என்னும்போது பசியும் தூக்கமும் வருவதைப் போல மறதியும் நம்மீது வந்து கவிகிறது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரிகிறது என்ற வரிசையில், நான்காம் வேற்றுமையில் நாம் வெறுமனே நிற்கிறோம். வள்ளுவர் 54ஆம் அதிகாரத்தில் பொச்சாப்பு என்று பத்துக் குறளில் கடிந்தது, கடமையைச் செய்ய மறக்கும் சோர்வை. 'நன்றல்லது அன்றே மறப்பது நன்று' என்று அவரே சொன்னது, நாமே முனைந்து மறப்பதை. ஆச்சிக்கு வந்தது இரண்டும் அன்று. அவளுக்கு வந்ததை அவள் வேற்றுமை உருபோடு பிசகாமல் சொன்னாள். நான்தான் அவளை எழுவாயாக்கிக் கத்தினேன்.

வகுப்பில் விதியை எழுதிப்போடும் முன் பிள்ளைகளைத் தமிழில் பேசவிடுங்கள் அம்மா. குடையைப் பற்றிக் கேளுங்கள். 'குடையைப் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன்' என்று தயங்காமல் சொல்வார்கள். மறந்தது ஒரு வினை, வைத்தது இன்னொரு வினை என்று அதிலேயே பிரிந்து கிடக்கிறது. இடத்தைச் சேர்த்துச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'ஃபர்காட்' என்பதைவிட 'லெஃப்ட்' பொருத்தம் என்பதை அதன் பிறகு நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.