பீ.சீ.எம். பழுதா, ஏர்த் பழுதா? – வாகன மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2007ஆம் ஆண்டில் உற்பத்தியான டீசல் டபிள் கெப் ஒன்று இருக்கிறது. கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கும் குச்சவெளிக்கும் இடையே ஐஸ் பெட்டிகளையும் வலைகளையும் ஏற்றி இறக்குவதே அதன் வேலை. கடந்த மாரி மழைக்குப் பிறகு வைப்பர் தானாக ஓடத் தொடங்கி நிற்க மறுக்கிறது. இடப்பக்கச் சிக்னல் சில வேளைகளில் மிக வேகமாக அடிக்கிறது. கதவுகள் தாமாகவே லொக் ஆகித் திறக்கின்றன. இரண்டு நாட்கள் ஓடாமல் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது. ஸ்கேனரில் ‘யூ0140’ என்ற குறி வருகிறது. ‘பீ.சீ.எம். போய்விட்டது, கொழும்பு, பஞ்சிகாவத்தையில் பழையது ஒன்று எடுத்துப் போடலாம்’ என்று கராஜில் சொல்கிறார்கள். வாங்கலாமா? அதை நானே மாற்ற முடியுமா?
– வாசகர் ஒருவர், நிலாவெளி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளும் பீ.சீ.எம். என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியின் பழுதினால் வரக்கூடியவைதான், ஆனால் துருவேறிய ஏர்த் இணைப்பு ஒன்றினாலும், தண்ணீர் புகுந்த சொக்கற் ஒன்றினாலும் அதே நான்கும் வரலாம். கடற்கரையோரமாக ஓடி, உப்புநீர் சொட்டும் பெட்டிகளைச் சுமக்கும் வாகனத்தில் இந்த இரண்டாவது காரணத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பீ.சீ.எம். எனும் பொடி கொன்ட்ரோல் மொடியூல் என்பது வைப்பர், சிக்னல், ஹெட்லைட், கதவு லொக், பவர் ஷட்டர், உள்விளக்கு போன்றவற்றை ஒரே இடத்திலிருந்து நடத்தும் சிறு கணினிப் பெட்டி. நீங்கள் சுவிட்சைத் திருப்பும்போது மின்னோட்டம் நேராக மோட்டாருக்குப் போவதில்லை. சுவிட்சின் நிலையைப் பெட்டி அறிந்து, அதன்பின் ரிலே எனும் மின்சுவிட்சையோ ட்ரான்சிஸ்டரையோ இயக்குகிறது. மிட்சுபிஷி இதை ஈட்டாக்ஸ் என்றும், ரொயோட்டா மெயின் பொடி ஈ.சி.யூ. என்றும் அழைக்கின்றன. கடையில் கேட்கும்போது உங்கள் வாகன நிறுவனம் வழங்கும் பெயரைச் சொல்லாவிட்டால் வேறொரு பெட்டியைத் தந்துவிடக்கூடும்.

யூ0140 என்ற குறி பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. பீ.சீ.எம்.மின் செய்தி தம்மை வந்தடையவில்லை என்று வாகனத்தின் மற்றக் கணினிப் பெட்டிகள் சொல்வதே அதன் பொருள். பெட்டி இறந்துவிட்டதால் செய்தி நின்றிருக்கலாம். பெட்டிக்கு மின்சாரம் போகாததாலும், ஏர்த் விட்டுவிட்டுப் பிடிப்பதாலும், பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி வயரில் உடைப்பு இருப்பதாலும் நின்றிருக்கலாம். குறியை மட்டும் பார்த்துப் பெட்டியை மாற்றச் சொல்பவரிடம், மல்டிமீற்றரால் எந்த எந்த முனைகளை அளந்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சோதனையைப் பற்றரியிலிருந்து தொடங்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அடுத்து வருவது ஏர்த். ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதைப் பீ.சீ.எம். சொக்கற்றின் ஏர்த் முனையிலும் வைத்து அளந்து பாருங்கள். 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த ஏர்த் வயர் சேரும் போல்ட்டைத் தேடிக் கழற்றி, அது பதியும் உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். விளக்கு எதுவும் போடாமல் அளந்தால் பழுதான ஏர்த்தும் நல்லது போலவே காட்டும் என்பதால், சுமை கொடுத்து அளப்பது முக்கியம்.

உங்கள் வாகனத்தில் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது பின்பக்க விளக்குகளை. ஐஸ் உருகி வடியும் உப்புநீர் சரக்குத் தட்டின் மூலைகளில் தேங்கி, பின் விளக்குகளின் சொக்கற்றுகளுக்குள் இறங்கி, செப்பை அரித்துப் பச்சை நிறப் பூச்சாகப் படிந்துவிடுகிறது. இடப்பக்கச் சிக்னல் வேகமாக அடிப்பதற்கு, அந்தப் பக்கத்தில் ஒரு மின்குமிழுக்கு முழு மின்னோட்டம் போகவில்லை என்பதே வழமையான காரணம். சொக்கற்றைப் பிரித்து, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிளீனரால் கழுவிக் காயவிடுங்கள். முனைகளை மணற்கடதாசியால் தேய்க்காதீர்கள். மேலே உள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

மாரிக்குப் பிறகு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் பெரிய தடயம். பல கெப் வாகனங்களில் இந்தப் பெட்டி டாஷ்போட்டுக்குக் கீழே, பியூஸ் பெட்டியின் பின்புறமோ, கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டிலோ இருக்கும். முன்கண்ணாடியின் ரப்பர் வெடித்திருந்தாலும், ஏ.சி. நீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருந்தாலும், தண்ணீர் வயர்க் கட்டின் வழியாகவே வழிந்து நேராகப் பெட்டியின் சொக்கற்றுக்கு வந்துவிடும். கால்விரிப்பைத் தூக்கி அடியில் ஈரமா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அது வரும் வழியை அடைக்காமல் புதுப் பெட்டி போடுவது வீண். அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் நனையும்.

பற்றரி இறங்குவதற்கும் இதே ஈரம் காரணமாகலாம். கதவுச் சுவிட்ச் துருவேறினால் கதவு திறந்திருப்பதாகவே பீ.சீ.எம். கருதும், உறக்க நிலைக்குப் போகாமல் விழித்திருந்து மின்சாரத்தை இழுக்கும். எல்லாக் கதவுகளையும் மூடித் திறப்பை எடுத்து ஒரு மணி நேரம் விட்ட பிறகு, பற்றரியிலிருந்து போகும் ஓட்டம் ஏறத்தாழ 50 மில்லி அம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை அம்பியர் ஒழுகினால், 60 அம்பியர் மணி கொள்ளளவுள்ள பற்றரியில் இரண்டரை நாளில் பாதி போய்விடும். உங்கள் இரண்டு நாள் கணக்குடன் இது பொருந்துகிறது. வைப்பருக்கோ, அதன் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள். ரிலேயைக் கழற்றியதும் நின்று, வேறு நல்ல ரிலே போட்டதும் ஒழுங்காக ஓடினால் பழுது ரிலேயில்தான்.

செய்தி வயர்களையும் ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் சொக்கற்றின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கிடையே தடையை அளந்தால் பொதுவாக 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் இரண்டு வயர்களும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சில பழைய வாகனங்களில் அந்த முனைகளே இருக்காது. அப்படியானால் வயறிங் வரைபடம் தேவை.

மின்சாரம் வருகிறது, ஏர்த் சரி, செய்தி வயர் சரி, சுவிட்சுகளின் உள்ளீடும் சரியாகப் போகிறது, ஆயினும் வெளியீடு தவறு என்றால் மட்டுமே பெட்டியைக் குற்றம் சொல்லலாம். அப்போதும் முதலில் அதைத் திறந்து பார்க்கும் எலக்ட்ரோனிக் திருத்துநரிடம் கொடுங்கள். ரிலேயின் அடியில் ஈயப் பற்று வெடித்திருப்பதும், தண்ணீர் பட்டு மின்சுற்றுப் பலகையின் ஓரிரு தடங்கள் அரித்திருப்பதும் பெரும்பாலும் திருத்தக்கூடியவை. உங்கள் வாகனத்தின் அமைப்புத் தரவுகளும், சில வாகனங்களில் திறப்புகளின் இரகசியக் குறிகளும் அந்தப் பலகையில்தான் இருக்கின்றன என்பதால், உங்கள் பெட்டியையே திருத்த முடிந்தால் அதைவிட நல்ல வழி இல்லை.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பாக இலக்கம் கடைசி எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும். ஒரே மொடலில் பவர் ஷட்டர் உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு பெட்டி வரலாம். 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் இந்த வயதுடைய கெப்புகள் நம் நாட்டில் இன்னும் நிறைய ஓடுகின்றன. கழற்றிய பாகங்களுக்கும் கேள்வி அதிகம். ‘பொருந்தும்’ என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திறப்பை அடையாளம் காணும் வேலை பீ.சீ.எம்.மிலேயே நடக்கும் வாகனமானால், வேறு வாகனத்தில் கழற்றிய பெட்டியைப் போட்டதும் என்ஜின் ஸ்டார்ட் ஆகாது. திறப்புகளை மீண்டும் பதிய வேண்டும். அப்போது வீட்டிலுள்ள எல்லாத் திறப்புகளையும் எடுத்துச் செல்லுங்கள், கொண்டுவராத திறப்பு நினைவிலிருந்து நீங்கிவிடலாம். ஆகவே உங்கள் வாகனத்தின் பழைய பெட்டி இன்னும் பேசும் நிலையில் இருந்தால் அதன் தரவுகளை முதலில் படித்துச் சேமிக்கச் சொல்லுங்கள். பதிவு முடியும் வரை பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கழற்றிப் பூட்டும் வேலையை நீங்களே செய்யலாம். சொக்கற்றுகளைப் படமெடுத்து வையுங்கள்; பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள்; மஞ்சள் நிறச் சொக்கற்றுகள் காற்றுப்பைக்குரியவை, அவற்றைத் தொடாதீர்கள்; வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அமுக்கிப் பிரியுங்கள். பதிவு வேலையை மட்டும் உரிய கருவி உள்ளவரிடம் விடுங்கள், அப்போது பற்றரிக்கு நிலையான சார்ஜர் இணைத்திருக்கச் சொல்லுங்கள். நடுவில் வோல்ற் இறங்கினால் புதுப் பெட்டியே கெட்டுவிடக்கூடும்.

கேள்வி: பற்றரி இறங்கியிருந்த என் கெப்புக்கு நண்பரின் பெரிய லொறியிலிருந்து கேபிள் கொடுத்தோம். அதன் பிறகு ஷட்டர், உள்விளக்கு, சென்ட்ரல் லொக் எதுவும் இயங்கவில்லை. பீ.சீ.எம். எரிந்துவிட்டதா?
– வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: பெரிய லொறிகளில் பெரும்பாலும் இரண்டு பற்றரிகள் தொடராக இணைந்து 24 வோல்ற் தரும், உங்கள் கெப் 12 வோல்ற்றுக்குரியது. பெட்டி எரிந்திருக்க வாய்ப்பு உண்டுதான், ஆயினும் நம்பிக்கையிழக்க வேண்டாம். என்ஜின் அறையிலுள்ள பெரிய பியூஸ்களையும் டாஷ்போட்டுக்குக் கீழேயுள்ள பியூஸ்களையும் ஒவ்வொன்றாக மீற்றரால் பாருங்கள். கண்ணுக்கு முழுமையாகத் தெரிவது உள்ளே அறுந்திருக்கலாம். பியூஸ்கள் சரியாக இருந்து பெட்டியின் முனைகளுக்கு மின்சாரமும் ஏர்த்தும் வந்தும் அது ஸ்கேனருக்குப் பதில் சொல்லாவிட்டால், பலகையைத் திருத்துநரிடம் காட்டுங்கள். பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டனேற்றரையும் அதே நாளில் சோதித்துவிடுங்கள். தட்டையோ செசியையோ வெல்டிங் செய்யும் முன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுவதும் இதே பாதுகாப்புக்காகத்தான்.

கேள்வி: பெட்டியை மாற்றப் பணம் இல்லை. வைப்பருக்குத் தனிச் சுவிட்ச் போட்டு ஓடலாமா?
– வாசகர் ஒருவர், மூதூர்

பதில்: தற்காலிகமாகப் போடலாம்; ஆனால் பற்றரியிலிருந்து நேராக வயர் இழுக்காமல், மோட்டாருக்குரிய பியூஸும் ரிலேயும் இடையில் வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரைப் பிரித்து முனையை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய மின்சாரம் பின்வழியாகப் பெட்டிக்குள் ஏறி, மிஞ்சியிருக்கும் பகுதியையும் கெடுக்கும். பிரித்த வயருக்கு ஒரு அடையாளத் துண்டு ஒட்டி வையுங்கள். பிறகு திருத்த வருபவருக்கு அது பெரிய உதவி.