ஹெட்போனும் தம்புராவும் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வங்கிப் பணியில் ஓய்வு பெற்றுத் திருச்சியில் வசித்து வருகிறேன். பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதில்தான் என் பொழுதின் பெரும்பகுதி கழிகிறது. வீடு பேருந்துகள் செல்லும் சாலையை ஒட்டி இருப்பதால் பகலில் நிம்மதியாகக் கேட்க முடிவதில்லை என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற வாரம் அவள் பெங்களூரிலிருந்து, இரைச்சல் நீக்கும் வயர்லெஸ் ஹெட்போன் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள்.

அணிந்துகொண்டு பொத்தானை அழுத்தியதும் மின்விசிறிச் சத்தமும் சாலையின் உறுமலும் சட்டென்று காணாமற் போயின. வியந்துபோனேன். ஆனால் அடுத்த நிமிடமே, மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது காது அடைத்துக்கொள்வதைப் போல ஓர் அழுத்தம். இதனால் காதுக்குக் கெடுதி உண்டா? மேலும், முழு நிசப்தம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கோ குக்கர் விசிலும், மனைவி கூப்பிடுவதும், சாலையில் அடிக்கும் ஹாரனும் கேட்கத்தான் செய்கின்றன. கருவியில் கோளாறா? பழைய டேப் பதிவுகளில் உள்ள ‘உஸ்’ என்ற சத்தம் முன்பைவிட அதிகமாகக் கேட்கிறது. இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தொடர்ச்சியான ரீங்காரத்தை இக்கருவி அழித்துவிடும் என்கிறார்கள். தம்புராவும் தொடர்ச்சியான ரீங்காரம்தானே? அதையும் சேர்த்து அழித்துவிடாதா? திருப்பி அனுப்ப இன்னும் சில நாள் அவகாசம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

எஸ்.
திருச்சி

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலம் சார்ந்தது என்பதால் காதடைப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மலைப்பாதையில் ஏறும்போது செவிப்பறையின் இரு பக்கங்களிலும் காற்றழுத்தம் வேறுபடுகிறது. செவிப்பறை விறைத்துக்கொள்கிறது. கனத்த, தாழ்ந்த ஒலிகள் முதலில் மங்கிப்போகின்றன. உங்கள் ஹெட்போன் காற்றழுத்தத்தை மாற்றுவதில்லை. தாழ்ந்த ஒலிகளை மட்டும் ஒரே நொடியில் எடுத்துவிடுகிறது. அவ்வொலிகள் இப்படித் திடீரென்று மறைவதை மலை ஏற்றத்தில் மட்டுமே அறிந்திருக்கும் மூளை, இப்போதும் அழுத்தம் மாறிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் இது பழகிவிடும். அதுவரை, கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் செயலி இருந்தால் நீக்கத்தின் அளவைக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் இருக்கிறது. தலைசுற்றலோ, காதுவலியோ, கழற்றிய பிறகும் நிற்காத ரீங்காரமோ இருந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

குக்கர் விசில் கேட்பதும், உங்கள் மனைவி அழைப்பது கேட்பதும் கோளாறு அல்ல. இக்கருவி எந்தச் சத்தத்திற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இது விளங்கும். ஓர் ஒலியலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் சேரவிட்டால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற எண்ணத்திற்கு, பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1933-லேயே தம் நாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. எண்ணம் சரியானதுதான், ஆனால் அதை நிறைவேற்றும் அளவுக்கு அக்கால மின்னணுவியல் வளர்ந்திருக்கவில்லை. 1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியரான அமர் போஸ், சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பும்போது, பயணிகளுக்குக் கொடுத்த ஹெட்போனில் இசை கேட்க முயன்றார். எஞ்சினின் உறுமல் இசையை விழுங்கிவிட்டது. அந்தப் பயணத்திலேயே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கிவிட்டார். ஆங்கில அரசுக்கு எதிரான போராட்டத்தில் சிறை சென்று, பின்னர் கல்கத்தாவிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய ஒரு வங்காளியின் மகன் அவர். 1986-இல் எங்கும் இறங்காமல், வழியில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்த வாயேஜர் விமானத்தின் இரு விமானிகளும் அவர் தொடங்கிய போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்போன்களை அணிந்திருந்தார்கள். 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. பொதுமக்களுக்கான குவைட்கம்ஃபர்ட் ஹெட்போன் 2000-இல்தான் வந்தது.

விமான எஞ்சினின் உறுமல் தாழ்ந்தது, மாறாதது, இடைவிடாதது. அதை அழிப்பதற்கென்று வளர்ந்த நுட்பம் என்பதால்தான் மின்விசிறி, ஏசி, பேருந்து எஞ்சின், ரயில் பெட்டியின் கடகடப்பு ஆகியவற்றின் மேல் இது இவ்வளவு திறமையாக வேலை செய்கிறது. நூறு ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வுகள்) ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். ஹெட்போனின் வெளிப்புற மைக் அதைப் பிடித்து, உள்ளிருக்கும் சிப் எதிரலையைக் கணக்கிட்டு ஒலிக்கச் செய்வதற்குள் ஒரு சென்டிமீட்டர் தூரம் பிசகினாலும் அந்த நீளத்தில் அது ஒரு பொருட்டே அல்ல. மூவாயிரம் ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 11 சென்டிமீட்டர்தான். அதில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அலையும் எதிரலையும் சரியாகப் பொருந்தா. பிசகு கூடிக்கொண்டே போனால் சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். ஆகவே உச்ச ஒலிகளை எதிரலையால் அழிக்கும் முயற்சியைக் கருவியே கைவிட்டுவிடுகிறது. அவற்றைத் தடுப்பது காதைச் சுற்றியிருக்கும் குஷன் மட்டுமே. மனிதக் குரலில் கனம் தாழ்ந்த பகுதியிலும், சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளின் கூர்மை மேற்பகுதியிலும் இருப்பதால், அழைக்கும் குரல் கனம் இழந்து மெலிந்து ஒலிக்குமே தவிர மறைந்துவிடாது. முழு நிசப்தம் என்று விளம்பரம் செய்வது தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்களைப் போன்ற எத்தனையோ பேர் நல்ல கருவியைக் கெட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதற்கு அந்த வாக்குறுதியே காரணமாகிறது.

குஷனைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் கண்ணாடி அணிபவரா? கண்ணாடிச் சட்டத்தின் கைகள் குஷனுக்கும் கன்னப்பொறிக்கும் இடையே புகுந்து சிறிய சந்து ஒன்றை உண்டாக்கிவிடும். அந்தச் சந்து வழியே வெளிச்சத்தம் உள்ளே வருகிறது, இசையின் கீழ்ஸ்தாயியும் கசிந்து போகிறது. கண்ணாடியைக் கழற்றி, விரல்களால் குஷனை மெதுவாக அழுத்திப் பாருங்கள். சாலைச் சத்தம் அப்போது இன்னும் ஒரு படி இறங்கினால் கசிவு அங்கேதான் இருக்கிறது. மெல்லிய கைகளுள்ள கண்ணாடிக்கு மாறினாலே பெரும்பாலும் போதும். அதேபோல், மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள். காற்று வெளிப்புற மைக்குகளின் துளைகளில் நேரடியாக மோதினால், அறையில் இல்லாத ஒரு ‘புஸ்’ சத்தத்தைக் கருவியே உங்கள் காதுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். பேருந்தின் ஜன்னலோர இருக்கையிலும் இதே தொல்லைதான்.

தம்புராவைப் பற்றிய உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அது நியாயமான சந்தேகம்; ஆனால் அப்படி நடப்பதில்லை. வெளிப்புற மைக் கேட்பது அறையின் சத்தத்தை. காதுக்கருகே உட்புறம் இருக்கும் மைக் இசையையும் சேர்த்தே கேட்கிறது என்றாலும், எந்த இசையை அனுப்பினோம் என்பது சிப்புக்கு முன்பே தெரியும். கேட்டதிலிருந்து அனுப்பியதைக் கழித்துவிட்டு, மீதியைத்தான் அது அந்நியச் சத்தம் என்று கொண்டு எதிரலை அனுப்புகிறது. பதிவிலுள்ள தம்புரா ‘அனுப்பியது’ என்ற கணக்கில் வருவதால் தப்பித்துவிடும். அறையில் உண்மையாகவே ஒரு தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒலித்துக்கொண்டிருந்தால் அதை இக்கருவி மங்கச் செய்துவிடும் என்பது வேறு விஷயம்.

டேப்பின் ‘உஸ்’ சத்தமும் இதே காரணத்தால்தான் தப்பிக்கிறது. அது பதிவுக்குள்ளேயே இருப்பதால் ஹெட்போனுக்கு அதுவும் இசைதான். முன்பு மின்விசிறியும் சாலையும் அதை மூடி வைத்திருந்தன. மூடியதை எடுத்தவுடன் அது தெரிகிறது. இதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி அதுதான் என்பேன். ஏனென்றால் ‘உஸ்’ சத்தத்தை மூடியிருந்த அதே இரைச்சல் வேறு பலவற்றையும் மூடியிருந்தது. ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, ஏறத்தாழ 130 ஹெர்ட்ஸ். தம்புராவின் மிகத் தாழ்ந்த ஒலியுள்ள மந்தரத் தந்தி அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விசிறி மோட்டாரின் முனகல் நூறு ஹெர்ட்ஸை ஒட்டி அமைகிறது. பேருந்து எஞ்சினின் உறுமலும் அந்த வட்டாரத்திலேயே உலவுகிறது. அதாவது, இக்கருவி எந்த இடத்தில் மிகவும் வல்லமையோடு இரைச்சலை அகற்றுகிறதோ, அதே இடத்தில்தான் மந்தரத் தந்தியும் மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியும் இருக்கின்றன. ஆலாபனையில் பாடகர் மூச்சுக்காக நிறுத்தும் இடைவெளியில் தம்புராவைக் கேட்டுப் பாருங்கள். பஞ்சமத் தந்தி தட்டி, நடுவிலுள்ள இரண்டு சாரணைத் தந்திகள் கடந்து, மந்தரம் விழும்போது, தந்திக்கடியில் செருகும் ஜீவாளி நூல் கிளப்பிவிடும் மேல்ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்குவது கேட்கும். சாலையோர வீட்டில், பகல் பதினோரு மணிக்கு, சாதாரண ஹெட்போனில் அது கேட்காது.

ஒலியளவை உயர்த்தினால் சாதாரண ஹெட்போனிலும் கேட்குமே என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் என் கவலை இருக்கிறது. வெளிச்சத்தத்தை வெல்வதற்காக இசையை உயர்த்திக்கொண்டே போவது நம்மில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான வரம்பு 80 டெசிபல் என்றால் வாரத்திற்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் வாரத்திற்கு வெறும் 4 மணி நேரம். 100 டெசிபல் என்றால் 20 நிமிடம்தான். நாள் முழுவதும் கச்சேரி கேட்கும் உங்களைப் போன்ற ரசிகருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். உள்காதின் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே இக்கருவியின் மதிப்பை, எவ்வளவு நிசப்தம் தந்தது என்பதை வைத்து அளக்காதீர்கள். முதல் நாளில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். வியப்பும் ஏமாற்றமும் அங்கிருந்தே வருகின்றன. எவ்வளவு மெல்லிய ஒலியில் கேட்க முடிகிறது என்பதை வைத்து அளந்து பாருங்கள்.

அதற்குச் சோதனை எளிது. ஆலாபனையோடு தொடங்கும், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, தம்புரா தெளிவாகக் கேட்கும் வரை ஒலியளவை உயர்த்தி, கைப்பேசியில் கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நீக்கத்தை இயக்கி, அதே தெளிவோடு தம்புரா கேட்கும் வரை ஒலியளவைப் படிப்படியாக இறக்குங்கள். கோடு கணிசமாகக் கீழே இறங்கியிருந்தால் மகள் கொடுத்த பணம் வீணாகவில்லை. இறங்கவே இல்லையென்றால், கண்ணாடிக் கசிவையும் சரிசெய்து பார்த்துவிட்டு, திருப்பி அனுப்பிவிடுங்கள். இடது வலதுக்குள் பெரிய வேறுபாடு தெரிந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

வாங்கியபடியே கேட்டால் மிருதங்கத் தொப்பி தேவைக்கு மேல் அதிரும். இவ்வகை ஹெட்போன்கள் பலவற்றைத் திரையிசையை மனத்தில் வைத்துக் கீழ்ஸ்தாயி தூக்கலாகவே அமைக்கிறார்கள். செயலியில் உள்ள ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பகுதி) இடது ஓரத்துக் கோடுகளைச் சற்றுத் தாழ்த்தினால் மிருதங்கம் தன் இடத்திற்குப் போய்விடும். தொலைபேசியில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்குப் போகாமல் தடுப்பது இந்த நுட்பத்தின் வேலை அல்ல. அது வேறொரு ஏற்பாடு, மாடலுக்கு மாடல் அதன் தரம் மாறும். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருமாதலால், உங்கள் வீட்டில் யாராவது கீபோர்டு வாசித்துப் பழகினால் அதற்கு இது உதவாது.

சாலையில் நடக்கும்போது மட்டும் இதை அணியவே வேண்டாம். ஹாரன் கேட்கிறதே என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். கேட்கும், ஆனால் எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெளிவாகாது. எதிரே வரும் பேருந்தின் உறுமலோ, ரயில் தண்டவாளத்தின் அதிர்வோ உங்களை எட்டாமலே போகலாம். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இருக்கிறது என்று நம்பியும் தெருவில் இறங்காதீர்கள். வீட்டில் அந்த வசதி மிகவும் பயன்படும். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் இருக்கும் நேரங்களில் அதை இயக்கி வைத்துக்கொண்டே கேளுங்கள்.

திருச்சி வெயிலில் குஷன் வியர்வையில் நனைந்து விரைவில் உரியத் தொடங்கும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உறைக்குள் போடாமல் சிறிது நேரம் காற்றாட வையுங்கள். மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்பதை அவகாசம் முடிவதற்குள் மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அது கிடைக்காத மாடல் என்றால், சோதனையில் தேறினாலும் வேறு ஒன்றுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

அன்புடன்