ஆசியக் கோப்பையில் நம் பெண்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருக்கும் பெண்கள் ஆசியக் கோப்பைக்கு இந்தியக் கால்பந்து அணி தகுதி பெற்றதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் ஜப்பான், வியட்நாம், சீன தைபே (தைவான்) இருக்கும் பிரிவில் போய் மாட்டியிருக்கிறோம். 2023இல் ஜப்பானிடம் ஏழு கோல் வாங்கினோம். 'மூன்று ஆட்டம் ஆடிவிட்டு ஊருக்குத் திரும்புவார்கள், அவ்வளவுதான்' என்கிறார்கள் அலுவலக நண்பர்கள். நிஜமாகவே வாய்ப்பு உண்டா, இல்லை ஆசையில் எழுதினீர்களா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

வாய்ப்பு உண்டு. காலிறுதிக்குப் போக முடியும் என்றே நம்புகிறேன்.

ஜப்பானை வெல்வோம் என்று சொல்லவில்லை. அவர்கள் 2011இல் உலகக் கோப்பையையே தூக்கியவர்கள். போட்டி எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். 12 அணிகள், மூன்று பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போகும். மூன்றாம் இடத்துக்கு வரும் மூன்று அணிகளில் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். ஆக, ஒரே ஒரு வெற்றிகூட நம்மைக் கரை சேர்த்துவிடலாம்.

அந்த வெற்றி யாரிடமிருந்து வரும்? மார்ச் 4 பெர்த்தில் வியட்நாம், 7ஆம் தேதி அங்கேயே ஜப்பான், 10ஆம் தேதி சிட்னியில் சீன தைபே. நீங்கள் சொல்லும் அந்த ஏழு கோல் ஆட்டம் தாஷ்கண்டில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நடந்தது. மூன்று நாள் கழித்து அதே ஊரில் வியட்நாமிடம் 1-3. அதற்குச் சில வாரங்கள் முன்பு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீன தைபேயிடம் 1-2. தோல்விகள்தான், ஆனால் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். வியட்நாம் 2023 உலகக் கோப்பையில் ஆடிய அணி என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம், அந்த 2023 அணியை வைத்து இந்த அணியை எடைபோடக் கூடாது. 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று. இந்தியாவும் தாய்லாந்தும் தலா மூன்று ஆட்டங்களை வென்று, ஒரு கோல்கூட வாங்காமல் கடைசி ஆட்டத்துக்கு வந்திருந்தன. இடம் ஒருவருக்குத்தான். எதிரே இருந்தது 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பைகள் ஆடிய அணி, அதுவும் அவர்கள் மண்ணில். நடுக்கள வீராங்கனை சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் கோல் போட்டார். இடைவேளை முடிந்து வந்ததும் 47ஆவது நிமிடத்தில் தாய்லாந்து சமன் செய்துவிட்டது. பழைய இந்திய அணிகள் பெரும்பாலும் சரிந்துபோகும் இடம் இது. 2021இல் பிரேசிலுக்கு எதிராக எட்டாவது நிமிடத்திலேயே மனீஷா கல்யாண் சமன் செய்தார், முடிவில் 6-1 என்று தோற்றோம். சியாங் மாயில் அப்படி நடக்கவில்லை. பின்வரிசை கலையாமல் நின்றது. 74ஆவது நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா. 2-1. தகுதிச் சுற்று ஆடி இந்தியா இந்தக் கோப்பைக்குள் நுழைவது இதுதான் முதல் முறை. 2022இல் நவி மும்பையில் போட்டியை நடத்தியவர்களாகக் களமிறங்கி, கொரோனாவால் ஒரே ஆட்டத்தோடு விலக நேர்ந்தபோது அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

இனி ஜப்பான் ஆட்டம். மூன்றாம் இடத்து அணிகளில் யார் மேலே போவது என்பதைப் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் தீர்மானிக்கும். ஏழு கோல் வாங்குவதா, மூன்றோடு நிறுத்துவதா என்பதில் காலிறுதியே அடங்கியிருக்கலாம். அந்த ஆட்டத்தில் இந்தியா தொண்ணூறு நிமிடமும் தற்காப்பு ஆடினால் யாரும் திட்டாதீர்கள்.

காலிறுதிக்குப் போய்விட்டால் அங்கே தோற்றாலும் கதை முடிவதில்லை. அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பையில் நேரடி இடம். காலிறுதியில் தோற்ற நான்கும் தங்களுக்குள் மோதும், வெல்லும் இரண்டு அணிகளுக்கும் இடம் உண்டு. அதாவது இந்திய அணி உலகக் கோப்பைக்கு ஒரே ஒரு ஆட்டம் தள்ளி நிற்கும். இதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குப் படபடப்பாக இருக்கிறது.

எனக்குப் பயம் எதிரணிகளைப் பற்றி அல்ல. நம் பெண்கள் ஆடும் ஆட்டங்கள் போதவில்லை. மதுரையின் சேது எஃப்சி 2019இல் வென்றதே, அந்த இந்தியன் விமன்ஸ் லீக்கில் 2024-25 பருவத்தில் இருந்தது எட்டு அணிகள்தான். ஒரு வீராங்கனைக்கு ஒரு பருவத்தில் அதிகபட்சம் 14 லீக் ஆட்டங்கள். கடைசி அரைமணி நேரத்தில் கால் கனப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன். தகுதிச் சுற்றில் மங்கோலியாவை 13-0 என்று வென்றது நல்ல விஷயம், ஆனால் வியட்நாமைச் சமாளிக்க அது கற்றுத்தராது. மார்ச்சுக்குள் நம்மைவிட வலுவான அணிகளோடு ஐந்தாறு ஆட்டங்களாவது இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை.

சரி, நண்பர்களிடம் மார்ச் 4ஐக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, தூக்கம் கெடாது.

அன்புடன்