வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் டொயோட்டா ஆக்வாவின் பின் சீற்றில் பிள்ளை பால் கொட்டிவிட்டான். சவர்க்காரம் போட்டுத் துடைத்தும் புளித்த நாற்றம் போகவில்லை. வீட்டில் இருக்கும் ஸ்டீம் கிளீனரை அடிக்கலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: அடிக்கலாம், ஆனால் கடைசியில்தான். பாலிலுள்ள புரதம் சூடு பட்டால் இறுகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எதைப் போட்டாலும் கிளம்பாது. இரத்தக்கறை, முட்டைக்கறைக்கும் இதே கதைதான். முதலில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு நொதி (என்சைம்) கலந்த கறைநீக்கியைத் தெளித்து, போத்தலில் சொன்ன நேரம் ஈரமாகவே விடுங்கள். அது வேலை செய்யும்போது நீராவி அடித்தால் நொதி செத்துவிடும். பால் ஸ்பொஞ்சுக்குள் இறங்கியிருந்தால், ஈரத்தை உறிஞ்சும் வக்கியூம் தேவைப்படும்.

சீற் காய்ந்தபின் தூசியை வக்கியூமால் எடுங்கள். தூசியின் மேல் நீராவி பட்டால் சேறுதான் மிஞ்சும். கருவி சூடானதும் முதல் சில விநாடி நீராவியை ஒரு வாளிக்குள் விடுங்கள். குழாயில் தங்கிய தண்ணீர் முதலில் துப்பும், அது சீற்றில் விழக்கூடாது. முனையில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, ஓரிடத்தில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போங்கள். மறுகையில் உள்ள உலர்ந்த துணி உடனே பின்னால் வர வேண்டும். துணி அழுக்கானால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அழுக்கை இடம் மாற்றிய வேலையாகிவிடும்.

ஆக்வாவில் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. சீற்றின் பக்கவாட்டில் அதற்குக் காற்று வாங்கும் துவாரம் உண்டு. அந்தப் பக்கம் நீராவியைக் காட்டவே வேண்டாம். சீற்றுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பிகள் தெரிந்தால் அவை எயார்பேக், சீற் பெல்ட் தொடர்பானவை, அங்கேயும் நீராவி வேண்டாம். சுவிட்சுகள், திரை, ஸ்பீக்கர் வலை ஆகியவற்றை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கொழும்பில் பலர் கோட்டை விடுவது காயவைப்பதில்தான். கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். மழையில்லாத நாளின் காலையில் வேலையை முடித்து, நான்கு கதவையும் திறந்து மேசை மின்விசிறியை உள்ளே திருப்பி வையுங்கள். தொட்டால் உலர்ந்ததாகத் தெரிந்த பிறகு, கண்ணாடிகளை ஏற்றி ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஏசி ஈரத்தை இழுத்துக் காருக்கு அடியில் தண்ணீராகச் சொட்டும். வெளிக்காற்றை வாங்கினால் இந்தக் கடற்கரை ஈரமும் சேர்ந்து உள்ளே வரும்.

கேள்வி: கூரைத் துணியில் கறை. நீராவி பயன்படுத்தலாமா? (வாசகர், தெஹிவளை)

பதில்: வேண்டாம். அந்தத் துணி பசையில் நிற்கிறது. சூட்டில் பசை இளகினால் துணி தலையில் தொங்கும். கறைநீக்கும் நுரையைத் துணியில் எடுத்து மெதுவாக ஒற்றுங்கள். கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியின் ஓரங்களுக்கும் நீராவி ஆகாது.

கேள்வி: கருவிக்குக் குழாய்த் தண்ணீர் போதுமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: கொழும்புக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, பயன்படுத்தலாம். கருவியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உள்ளே சுண்ணாம்பு படிந்து முனை அடைபடும். தண்ணீர் தீர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தி, எஞ்சிய நீராவியை வெளியேற்றி, கருவி ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.